மைக் இல்லாத பூசை

— தலையை ஆட்டாதே அண்ணா. காது போச்சுன்னா என்கிட்ட கேக்கக்கூடாது.

— ஆட்டலை வாலு… நெஞ்சுல தட்டுற இடம் வந்துச்சு. மூணு தடவை தட்டணும்.

— கையில கத்தரிக்கோல் இருக்கு. மனசுக்குள்ள தட்டிக்கோ. ம்… அடுத்தது?

— கொஞ்சம் நகரு. கண்ணாடியில ஒட்டின தாளை மறைச்சுக்கிட்டு நிக்கிறே.

— மறைக்கத்தான் நிக்கிறேன். நீ பாத்துப் படிக்கிறதுக்கா சனிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிட்டு நிக்கிறேன்? ரெண்டு பொண்ணுங்க கதவைத் தட்டிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.

— சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஃபாதர் முன்னாடி பூசையோட லத்தீன் பதிலெல்லாம் தப்பில்லாம ஒப்பிக்கணும். அப்பத்தான் நாளைக்குப் பீடத்துல உதவிக்கு நிக்கலாம். சொதப்பினா தபால்காரர் மருமகனுக்கு அந்த இடம் போயிடும்.

— போகட்டுமே. நாப்பத்தாறு வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை?

— இருக்கு… ஒரு காரணம். நீ கேளு, நான் சொல்றேன்.

— சரி. முதல் பதில் சொல்லு.

— ஆத் தேயும் குயி லேத்திஃபிகாத் யுவெந்தூத்தெம் மேயாம்.

— அட, வந்துடுச்சே. அர்த்தம் தெரியுமா, சும்மா சொல்றியா?

— தெரியும். என் இளமைக்கு மகிழ்ச்சி தருகிற கடவுள்கிட்ட போறேன்.

— இளமையா? உச்சந்தலையைக் காட்டட்டுமா? சின்னக் கண்ணாடி பக்கத்துலதான் இருக்கு.

— வேணாம் தாயே. பாக்குறதை விட்டு ரெண்டு வருஷமாச்சு.

— நீ ஊருக்கெல்லாம் மைக்செட் போடுறவன். போயும் போயும் மைக்கே இல்லாத பூசைக்கு ஓடுறே. உன் தொழிலுக்கே துரோகம்.

— அதுக்குத்தான் ஓடுறேன். வாரம் முழுக்க ஸ்பீக்கர் பக்கத்துலயே நிக்கிறவனுக்குத் தெரியும். அங்க ஃபாதர் பாதி நேரம் வாய்க்குள்ளயே சொல்றார். முதல் நாள் எங்கயோ ஒயர் போயிடுச்சுன்னு நினைச்சு எழுந்து தேடப் போயிட்டேன்.

— ஹா ஹா… போயிட்டியா?

— போயிட்டேன். கோயிலைப் பாத்துக்கிற கோயில்பிள்ளை சட்டையைப் பிடிச்சு உக்கார வச்சார். அப்புறம் பாத்தா… என் மூச்சு எனக்கே கேக்குது. எத்தனை வருஷமாச்சு தெரியுமா, என் மூச்சை நான் கேட்டு?

— …குனி. பின்கழுத்து எடுக்கணும்.

— நீயும் ஒரு நாள் வந்து பாரேன்.

— ஆரம்பிச்சுட்டியா? நாலு வருஷமாச்சு நான் கோயில் பக்கம் போய். அவர் என்னை விட்டுட்டுப் போனப்பவே அதுவும் போச்சு. அதுவுமில்லாம உங்க ஃபாதர் முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பாராமே.

— இப்ப நீ எங்க நிக்கிறே?

— உன் பின்னாடி.

— என் மூஞ்சியைத் திருப்பித் திருப்பிப் பாத்தா வெட்டுறே? ரெண்டு பேரும் ஒரே கண்ணாடியைத்தானே பாக்குறோம். அங்கயும் அவ்வளவுதான். அவரும் நாமளும் ஒரே பக்கம் பாக்குறோம்.

— அடேங்கப்பா. மைக்செட்காரருக்குப் பேச்சு வந்துடுச்சு. அந்த நீளமானதைச் சொல்லு.

— சூஷீப்பியாத் தோமினுஸ் சாக்ரிஃபீசியும் தே மானிபுஸ் தூயிஸ்… தூயிஸ்… ஐயோ. எப்பவும் இங்கதான் வண்டி நிக்குது.

— தாளைப் பாக்காதே!

— பாக்கலை. அப்பம் உயர்த்துற இடத்துக்கு வேணா போயிடலாமா? அங்க பேச்சே இல்லை, மணி மட்டும்தான்.

— சோம்பேறி. அங்க வேலை இல்லைன்னு யார் சொன்னா? வலது கையில மணி. இடது கையால ஃபாதரோட அங்கி நுனியைத் தூக்கிப் பிடிக்கணும். அவர் முழங்கால் போடும்போது ஒண்ணு, உயர்த்தும்போது ஒண்ணு, திரும்ப முழங்கால் போடும்போது ஒண்ணு. அவசரப்பட்டு அடிச்சே, எல்லாரும்… என்ன அப்படிப் பாக்குறே?

— ஒண்ணுமில்லை.

— என்னன்னு சொல்லு.

— அங்கி நுனியைப் பிடிக்கிறது தாள்ல இல்லையே வாலு. தாள்ல வெறும் பதில்தான் இருக்கு.

— …யாரோ கடையில சொன்னாங்க.

— யாரு?

— யாரோ. முடி வெட்ட வந்தவங்க.

— முடி வெட்ட வந்தவங்க, பீடத்துல மணி அடிக்கிறதைப் பத்தி?

— கண்ணாடி வழியா முறைக்காதே. சரி… போனேன். போதுமா? அஞ்சு மாசம் போனேன். முதல் மணி அடிச்சப்புறம் உள்ள போவேன். முடியுறதுக்கு முன்னாடி வெளிய வந்துடுவேன்.

— எப்படி இருந்துச்சு?

— எப்படின்னா… யாரும் என்னைத் திரும்பிப் பாக்கலை அண்ணா. நம்ம பழைய கோயில்ல நடுப்பூசையில சமாதானம் சொல்லிக் கையைப் பிடிப்பாங்களே, பிடிச்ச கையை விடாம ‘வீட்டுக்காரர் திரும்பி வந்துட்டாரா’ன்னு கேட்டாங்க. அதுக்கு என்ன பதில் சொல்ல? இங்க கையும் நீட்டலை, கேக்கவும் இல்லை.

— ம்.

— இன்னொண்ணும் இருக்கு. எனக்கு ஜெபமே வரலை. உக்காந்தா விட்டுட்டுப் போனவரைத் திட்டத்தான் வாய் வருது. அங்க என் வார்த்தை ஒண்ணுமே தேவைப்படலை. எல்லாத்தையும் எப்பவோ யாரோ சொல்லி வச்சுட்டாங்க. நான் அதுக்குள்ள போய் மழைக்கு ஒதுங்குற மாதிரி நின்னுக்கிட்டேன்.

— அழாதே. கத்தரிக்கோலைக் கீழ வை.

— அழலை. உன் முடி கண்ணுல விழுந்துடுச்சு.

— அப்புறம் ஏன் நிறுத்திட்டே?

— நீ வந்துட்டியே! நீ சும்மா உக்காருவியா? ஸ்பீக்கர் எங்க, ஃபேன் எங்கன்னு திரும்பித் திரும்பிப் பாப்பே. பாத்தா அம்மாகிட்ட சொல்லுவே. அம்மா சந்தோஷத்துல தெரு முழுக்கச் சொல்லுவாங்க. அடுத்த வாரமே அத்தைங்க நாலு பேர் வாசல்ல நின்னு… எனக்கு இன்னும் தெம்பு வரலை அண்ணா. வந்துக்கிட்டிருந்துச்சு. அதுக்குள்ள நீ…

— சூஷீப்பியாத் தோமினுஸ் சாக்ரிஃபீசியும் தே மானிபுஸ் தூயிஸ்…

— நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன், நீ என்ன…

— இரு. ஆத் லௌதெம் எத் குளோரியாம் நோமினிஸ் சூயி. ஆத் ஊத்திலித்தாத்தெம் குவோக்குவே நோஸ்திராம். தோத்தியூஸ்குவே எக்ளேசியே சூவே சாங்க்தே.

— …வந்துடுச்சு!

— வந்துடுச்சா?

— ஒரு எழுத்து தப்பில்லை. அஞ்சு மணிக்கும் இதே மாதிரி சொல்லு. தபால்காரர் மருமகன் வீட்டுக்குப் போயிடுவான்.

— நீ நாளைக்கு வர்றியா?

— முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஒரு பாட்டைக்கூட முழுசாப் பாடத் தெரியாதவன், ஒரு மாசமா பாஷை தெரியாததை உருப்போடுறே. எதுக்கு?

— …மூணு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, தூணுக்குப் பின்னாடி உன் பச்சை முக்காடு தெரிஞ்சுது.

— அண்ணா…

— அடுத்த வாரம் தெரியலை. அதுக்கடுத்த வாரமும் இல்லை. அம்மாகிட்ட மூச்சு விடலை. நீ வரட்டும்னு நான் வராம இருந்துடலாம்னுதான் முதல்ல நினைச்சேன். ரெண்டு வாரம் இருந்தும் பாத்தேன்… முடியலை வாலு. எனக்கும் வேற இடமில்லை. அதான் ஃபாதர்கிட்ட போய்க் கேட்டேன், இந்தக் கோயில்ல உக்காந்தா திரும்பியே பாக்க முடியாத இடம் ஏதாவது இருக்கான்னு. பீடத்துக் கீழ்ப்படியில முழங்கால் போடுன்னார்.