அழுக்கு மிதியடி

எண்ணூரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவள் மடியில், பழைய வேட்டிகளைக் கிழித்துக் குரோஷா ஊசியால் பின்னிய மிதியடி ஒன்று இருந்தது.

“அழுக்கா கீதாம்டி! இத்த எவன் வாங்குவான்னு கேக்குறான்!”

“யாருக்கா?”

“அந்த கரண்டு கம்பெனி ஆபீசர்தான். கரி எரிச்ச சாம்பல் பறக்குது, மூச்சு வுட முடிலன்னு மனு குடுத்தோமே, அதுக்கு ஆளுக்கொரு ஊசியக் குடுத்து, பின்னக் கத்துக்கங்க, நானே வித்துத் தரேன்னு சொன்னானே, அவன்தான்.”

“தோச்சிக் குடுக்கறதுதானே?”

“மூணு வாட்டி தோச்சிட்டேன். கொடில போட்டா, காயறதுக்குள்ள அவன் சாம்பலே வந்து குந்திக்குது!”

“அப்ப இத்த எங்க எடுத்துனு போற?”

“அவன் ஆபீசுக்குத்தான். ரூம் வாசல்ல போட்டுட்டு வரப்போறேன். அவன் சாம்பல அவனே மிதிக்கட்டும்.”