எல்லாருக்கும் எடுப்பான நிறம்

நேவி ப்ளூ எல்லாருக்கும் எடுப்பாக இருக்கும். மாநிறத்துக்கும் சிவப்புக்கும், ஒல்லிக்கும் தடிமனுக்கும். அழுக்குப் பட்டாலும் ஃபோட்டோவில் தெரியாது. திருப்பூரில் எந்த மெர்ச்சண்டைசரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் எங்கள் முதலாளியிடம் இதைத்தான் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் பேப்பரும் பேனாவும் கொடுத்து, "கைமறதியா விட்டுட்டேன்னு எழுதும்மா, அது போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனீர்கள். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னீர்கள் என்று தெரியும். நானும் அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன். ஒரு வரி எழுதியதுமே அடித்துவிட்டேன். முதல் தாளில் இருக்கும் அடித்தலுக்கு மன்னிக்கவும். எதை எழுதினாலும் சரியாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. இரவில் கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து படுத்த பிறகும் சந்தேகம் வரும்.

என் பெயர் வேல்விழி. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அப்பா இறந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்துவிட்டாள். அம்மா செல்லத்தாய், தரணீதரன் சாருடைய பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். அதே கம்பெனி ஆபீசில்தான் நான் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளர். ஆர்டர் வந்த நாளிலிருந்து பெட்டி கப்பலேறும் நாள்வரை யார் எதை எப்போது முடிக்க வேண்டும் என்று திட்டம் போடுவது என் வேலை. அந்தத் திட்டத்தைப் பின்னாலிருந்து போட வேண்டும். கப்பல் நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பேக்கிங், தையல், சாயம், நூல் என்று பின்னோக்கி வர வேண்டும். எனக்கு அது பிடிக்கும். முடிவு தெரிந்த பிறகு மற்றதெல்லாம் சுலபம்.

சாயங்காலம் ரோஸ்மேரி மிஸ் நடத்தும் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். தினமும் டைரி எழுதச் சொன்னதும் அவர்தான். போக ஆசைப்படும் ஒரு ஊருக்குப் பயணத் திட்டம் எழுதி வரும்படி ஒருமுறை சொன்னார். மற்றவர்கள் ஊட்டி, கோவா என்று எழுதினார்கள். நான் தான்சானியா எழுதினேன். எந்தக் காட்டுக்கு எந்த மாதம், எங்கே இறங்கி எந்த வழியாகப் போவது, மிருகக் கூட்டம் ஆற்றைக் கடப்பது எப்போது என்றெல்லாம் தேடித் தேடி எழுதினேன். மிஸ் அதை வகுப்பில் வாசிக்கச் சொன்னார். அம்மாவிடம் சொன்னபோது, "ஏட்டி, சிங்கத்தப் பாக்க அம்புட்டுத் தூரம் போவணுமாக்கும்? லைன்ல வந்து எங்க சூப்பர்வைசரப் பாரு" என்றாள்.

முதலாளியின் மகள் தேஜஸ்ரீ படிப்பை முடித்தாள். கம்பெனியில் எல்லாரும் அவளைப் பாப்பா என்போம். என்ன வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு, சிங்கம் பார்க்க வேண்டும் என்றாளாம். முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் இந்த மாதிரித் திட்டம் எழுதிய விஷயம் அம்மா மூலமாக அவர் காதுக்குப் போயிருந்தது.

"வெள்ளைக்காரங்கிட்டப் பேசி சரக்க அனுப்பற புள்ள நீயி. எங்களையும் அப்பிடியே பேக் பண்ணி அனுப்பிச்சு உட்ரு கண்ணு" என்றார். பிறகு, அங்கே போனால் இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும், நீயும் வந்துவிடு என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

பாஸ்போர்ட் எடுத்தேன். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு அவர்கள் சென்னை போனபோது என்னையும் காரில் கூட்டிப் போனார்கள். அந்த ஊசி ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும் என்றார் நர்ஸ். திரும்பி வரும் வழியெல்லாம் பாப்பா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். என்னை விழிக்கா என்பாள். "விழிக்கா, நீங்க வந்தா சிங்கத்துகிட்டயே டெலிவரி டேட் கேப்பீங்க" என்று கேலி செய்வாள். நல்ல பெண். அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊரில் கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு எங்கே போனாலும், பழனிக்குப் போனாலும் பாங்காக் போனாலும், எல்லாருக்கும் ஒரே மாதிரி டி-சர்ட் அடித்துக்கொண்டுதான் போவார்கள். சொந்த மெஷினில், சொந்தத் துணியில், நெஞ்சில் ஊர் பெயர் போட்டு. சஃபாரிக்கும் அடிக்க வேண்டும் என்றார்கள். அதையும் நானே பார்த்துக்கொண்டேன். முதலில் ஒரே ஒரு சாம்பிள் தைப்போம். சாம்பிள் எப்போதும் மீடியம் அளவில் இருக்கும். என் அளவும் மீடியம். அதனால் அதை எனக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி.

அருஷா என்ற ஊரில் எங்களுக்கு வண்டி ஏற்பாடு செய்தவர் நைமா என்ற பெண். அவரிடம் வீடியோவில் நான்தான் பேசுவேன். நிதானமாக, புரியும்படி பேசுவார். முதல் பேச்சிலேயே ஒரு விஷயம் சொன்னார். தரங்கிரே காட்டில் ட்செட்சே என்று ஒரு ஈ உண்டு. மாட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரிது. சட்டைக்கு மேலேயே கடிக்கும். எல்லா ஈயும் நோய் தராது, சிலது தரும். அந்த நோய் வந்து கவனிக்காமல் விட்டால் பிழைப்பது கஷ்டம். அந்த ஈயைப் பிடிப்பதற்கு அங்கே மரத்தில் துணி கட்டித் தொங்கவிடுகிறார்கள். நீலமும் கறுப்புமான துணி. அந்த நிறத்தைப் பார்த்தால் தேடி வந்து உட்காருமாம். ஆகவே நீலமும் கறுப்பும் போட வேண்டாம், மண் நிறத்தில் போடுங்கள் என்றார்.

துணி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. துணி எங்கள் தொழில் என்று சொன்னேன். அவரும் சிரித்தார்.

இதைத்தான் நான் முதலாளியிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மறக்கவில்லை. சொல்வதற்கு ஒரு நாள் குறித்து வைத்திருந்தேன். சாமான் கட்டுவதற்கு முன்பு எல்லாரையும் உட்காரவைத்து, மாத்திரை, தொப்பி, உடுப்பு என்று மொத்தமாகச் சொல்வதாக இருந்தேன். அதற்குள் வேறொன்று நடந்தது.

முதலாளி ஆபீசுக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். ரொம்பத் தன்மையாகப் பேசினார்.

"பாப்பா அவ சிநேகிதி அக்ஷராவக் கூட்டிக்கறேங்கறா கண்ணு. அந்தப் புள்ளையும் நல்லா இங்கிலீசு பேசுது. வண்டியில எடம் அவ்வளவுதான். நீ இங்கிருந்தே போன்ல பாத்துக்குவியாமா? உன்ற பிளான் இருக்கீல நமக்கென்ன பயம்."

"சரிங்க சார்" என்றேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அன்றைக்கும் வகுப்புக்குப் போனேன். ரோஸ்மேரி மிஸ் விசா வந்ததா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். அம்மா அதற்குள் பெட்டி ஒன்று வாங்கி வந்து, லைனில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாள். அவர்கள் போய்வரும்வரை காய்ச்சல் என்று சொல்லி வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஆர்டரில் ஒரு ஐட்டத்தை எடுத்துவிட்டால் மிச்சத் திட்டத்தை அப்படியே விட முடியாது. முழுவதையும் திருத்த வேண்டும். அது தொழில் ஒழுங்கு. நானும் உட்கார்ந்து திருத்தினேன். குடும்ப ஃபோட்டோ கொரங்கோரோ மலைமேல் என்று இருந்தது. அங்கே குளிருக்கு மேலே ஸ்வெட்டர் போட்டுவிட்டால் டி-சர்ட் தெரியாது. தரங்கிரேயில் பெரிய பெரிய பொந்தன்புளி மரங்கள் இருக்கின்றன, அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றினேன். மர நிழலில் நிதானமாக நிற்க நேரமும் கொடுத்தேன். எல்லாரையும் உட்காரவைத்து மாத்திரை, தொப்பி, கழுத்து மறைய சன்ஸ்கிரீன் என்று சொன்னேன். உடுப்பைப் பற்றிச் சொல்லவில்லை. நைமா மறுபடியும் ஒருமுறை நினைவுபடுத்தினார். சொல்லிவிட்டேன் என்று பதில் சொன்னேன்.

தரங்கிரேயிலிருந்து பாப்பா வீடியோ அனுப்பினாள். மேலே திறந்த வண்டியில் நால்வரும் நிற்கிறார்கள். முதலாளியின் முதுகில் கடுகு தூவியது போல ஈ. முதலாளியம்மா துண்டால் விசிறுகிறார். அக்ஷரா கத்திக்கொண்டே குனிகிறாள். பாப்பா கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "விழிக்கா, உங்க டி-சர்ட்டுக்கு இங்க ரசிகர் மன்றமே இருக்குது" என்கிறாள். நான் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

நாலு பேரையும் கடித்தது. மூன்று பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கு ஆகும் என்று என்னால் சொல்லியிருக்க முடியாது. யாருக்குமே ஆகாமலும் போயிருக்கலாம். அந்த அளவுக்குத்தான் என் கையில் இருந்தது. அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். சரிபார்த்தபோது அது சரியில்லை. மேலும் ஒன்று இருக்கிறது.

திரும்பி வந்த பிறகு பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரில் டெங்கு நேரம். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பயண விவரம் எல்லாம் எனக்குத்தான் தெரியும் என்று என்னையும் வரச் சொன்னார் முதலாளி. டாக்டர் வருவதற்கு முன் பாப்பா தோளுக்குப் பின்னால் காட்டி, "விழிக்கா, இங்க வலிக்குது, என்னன்னு பாருங்க" என்றாள். பார்த்தேன். சிவந்து, தடித்து, நடுவில் கறுத்திருந்தது. அந்த ஈக்கடியால் நோய் வந்தால் எப்படி இருக்கும் என்று நான் முன்பே படித்து வைத்திருந்தேன். படத்தில் இருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

"பேக் வார் உரசியிருக்கு பாப்பா" என்றேன். போர்வையை இழுத்துத் தோள்வரை மூடிவிட்டேன்.

டாக்டர் வந்து, மலேரியா இல்லை, பிளேட்லெட் குறைகிறது, அங்கே பூச்சி ஏதாவது கடித்ததா என்று கேட்டார். ஒரே ஈயாக இருந்ததுங்க என்றார் முதலாளி. டாக்டர் என்னைப் பார்த்தார்.

"சாதாரணக் காட்டு ஈதாங்க டாக்டர். அங்கயே விசாரிச்சுட்டேன். ஒண்ணும் பண்ணாதுன்னாங்க."

"எல்லாத்தையும் கேட்டு வெச்சிருக்கும்ங்க இந்தப் புள்ள" என்றார் முதலாளி. அவர் குரலில் பெருமை இருந்தது. அவர் என்னைப் பற்றி அப்படிச் சொல்லிக் கேட்டது அதுதான் கடைசி.

டாக்டர் டெங்குவுக்குப் பார்த்தார். பாப்பா பகலெல்லாம் தூங்க ஆரம்பித்தாள். ஆட்களின் பெயர் சொல்லத் தடுமாறினாள். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு டாக்டர் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்ததுமே என்ன நோய் என்று கண்டுபிடித்துவிட்டார். மருந்து வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்து சேர்ந்தபோது பாப்பா இல்லை.

நான் அழுதேன், மேடம். நடிக்கவில்லை. கம்பெனி முழுக்க அழுதது. என் அம்மா இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

பிறகு அக்ஷரா நைமாவிடம் போனில் பேசினாள். உங்கள் ஆபீஸ் பெண்ணிடம் இரண்டு முறை சொன்னேனே என்று நைமா சொல்லிவிட்டார். அக்ஷரா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. "மறந்துட்டியா கண்ணு" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்தவர்களிடமும், போலீசில் உங்களிடமும் அதையேதான் சொன்னார். சின்னப் பிள்ளை, ஆயிரம் வேலைக்கு நடுவில் மறந்துவிட்டது, அதை ஒன்றும் செய்யாதீர்கள் என்று. கம்பெனியில் இப்போது எல்லாரும் அதையே சொல்கிறார்கள். பாவம், மறந்துவிட்டாளாம். புதிதாக வந்த தமிழ்மதியிடம் என் வேலையைக் கொடுத்துவிட்டு, எதையும் மறக்காமல் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அதனால்தான் உங்களைத் தேடி வந்தேன். மனம் உறுத்தி வந்தேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். அதுவாகவும் இருக்கலாம். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

எழுதியதை மறுபடி படித்தேன். ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. சாம்பிள் எந்த நிறம் என்று எழுதவில்லை. நைமாவின் முதல் பேச்சு முடிந்த மறுநாளே சாயப்பட்டறைக்குப் போய், துண்டுத் துணிகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து நானே தேர்ந்தெடுத்த நிறம் அது. முதலாளியும் சரி என்றார். வண்டியில் எனக்கு இடமில்லை என்று ஆன பிறகுதான் அவரிடம் போய், நேவி ப்ளூ எல்லாருக்கும் எடுப்பாக இருக்கும் சார், மாற்றிவிடலாமா என்று கேட்டேன். நீ பார்த்துச் செய் என்றார்.

எங்கள் வீட்டில் அம்மா வாங்கிய புதுப் பெட்டி பரண்மேல் இருக்கிறது. அதற்குள் அந்தச் சாம்பிள் மடித்தபடி இருக்கும். ஆள் அனுப்பி எடுத்துப் பாருங்கள், மேடம். மீடியம் அளவு. சந்தன நிறம். அதைப் பார்த்த பிறகு, நான் மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.