கிளாக்கர் கீறிய கோடு

கனடாவில், ஸ்காபரோ பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு முதியவர்கள், ஒருவர் திருநீறு, மற்றவர் தொப்பி. இருவரும் மட்டக்களப்புப் பக்கம் என்று அப்போதுதான் ஒருவரையொருவர் ஊர் விசாரித்து அறிந்திருந்தார்கள்.

“உங்கட ஊரை ரெண்டாப் பிரிச்ச கோட்டை நான்தான் கீறினன், காக்கா,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் திருநீற்றுக்காரர். “வெள்ளைக்காரன்ட காலம், அரசாங்கக் கச்சேரியில கிளாக்கர். துரை பிரிவு பிரிக்கச் சொன்னார். பள்ளிவாசல் ஒரு பிரிவில, மையத்து அடக்கிற மையவாடி மற்றதில போயிற்று. உங்கட ஆக்கள் மனுக் கொண்டந்தாங்க. துரைக்குப் பயந்து அந்த மனுவை ஒளிச்சிட்டன்.”

தொப்பிக்காரர் சிரித்தார். “மையத்தைத் தூக்கினவங்க கோட்டைப் பாத்தா நடந்தாங்க, ஐயா? இஞ்சதான் மையவாடி தூரம், ரெண்டு பஸ். இப்பவும் பொஞ்சாதியைப் பாக்கத்தான் போறன்.”

இறங்குவதற்காக மணிக்கயிற்றைப் பிடித்திருந்த கிளாக்கர் கையை எடுத்துவிட்டார்.

“நானும் வாறன், காக்கா.”