ஆபீஸ் விட்டபிறகு அந்தத் தெரு

அண்ணி: இதுதான் உங்க அண்ணன் சொன்ன, ஜேஜேன்னு இருக்கற இடமா தம்பி?

கொழுந்தன்: இன்னும் ரெண்டு தெரு தள்ளிப் போகணும் அண்ணி. அங்கதான் அவரு ஆபீஸ்...

அண்ணி: வந்த வழியெல்லாம் ஷட்டர். ஒரு ஈ காக்கா இல்ல. மணி ஆறே முக்கால்தான் ஆகுது.

கொழுந்தன்: இன்னிக்கு எல்லாரும்... சீக்கிரம் கிளம்பிட்டாங்க போல.

அண்ணி: மொத்த ஏரியாவுமா?

கொழுந்தன்: ...இருக்கும்.

அண்ணி: தினமும் எட்டரைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொல்றாரு தெரியுமா? ஆபீஸ் விட்டபிறகுதான் அந்த ஏரியாவுக்கே உயிர் வருதாம். டீக்கடையில உக்கார இடம் கிடைக்காதாம். சிநேகிதங்க விடமாட்டேங்கறாங்களாம். அஞ்சு மாசமா இதே பாட்டு.

கொழுந்தன்: அண்ணன் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாரு.

அண்ணி: கூட்டிச் சொல்லணும்னாலும் ஒண்ணாவது இருக்கணும்ல? சைபரை எதால பெருக்கினா என்ன?

கொழுந்தன்: வீட்டுக்கே போயிடலாம் அண்ணி. அவரு பாட்டுக்கு வந்து, வீடு பூட்டியிருக்கறதைப் பாத்தா...

அண்ணி: அவருகிட்ட சாவி இருக்கு. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு. ஏன் இப்படி வேர்த்து ஊத்துது உனக்கு?

கொழுந்தன்: ஏசி சரியில்ல.

அண்ணி: எனக்கு விரலெல்லாம் விறைச்சுப் போச்சு. உனக்கு மட்டும் சரியில்லையா? இரு, இன்னொரு தடவை போன் போடறேன்... அடிக்குது... அடிச்சுக்கிட்டே இருக்கு. எடுக்க மாட்டேங்கறாரு. இதோட ஆறு தடவை.

கொழுந்தன்: சத்தத்துல கேட்டிருக்காது.

அண்ணி: எந்தச் சத்தத்துல?

கொழுந்தன்: ...இதான் ஆபீஸ். நீங்க உக்காருங்க அண்ணி. நான் மட்டும் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு...

அண்ணி: நானும் வர்றேன். நட.

காவலாளி: யாரு வேணும்? எல்லாரும் போயாச்சுங்க. அஞ்சரைக்குக் கதவைத் திறந்தா, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஓடுவாங்க. ஆறு மணிக்கு மேல இங்க நானும் இந்த நாற்காலியும்தான்.

அண்ணி: டீக்கடை ஏதும் இல்லையா?

காவலாளி: அஞ்சே முக்காலுக்கே சாத்திருவாங்கம்மா. வீட்லேர்ந்து ஃபிளாஸ்க்குல கொண்டாந்தாத்தான் எனக்கே டீ.

அண்ணி: மூணாவது மாடியில, வரைபடம் போடற எடத்துல ஒருத்தர் இருக்காரே... உயரமா, கண்ணாடி போட்டுக்கிட்டு...

காவலாளி: ஓ, நம்ம நடை சாரா? அவரு இப்ப...

கொழுந்தன்: அண்ணே. இவங்க அவரோட வீட்டுக்காரம்மா.

காவலாளி: ...அப்படிங்களா. அவரும்... அவரும் போயிருப்பாருங்க.

அண்ணி: இருங்க. மறுபடியும் போன் போடறேன்... உங்க மேசைக்குள்ள என்னமோ அடிக்குதே?

காவலாளி: அது என்னுதுங்கம்மா.

அண்ணி: உங்களுதுன்னா எடுத்துப் பேசுங்க. தள்ளுங்க, நானே பாக்கறேன்... அவரு போன் இங்க எப்படி வந்தது? அதோ, அவரு பையும் இருக்கு. காலையில நான் எடுத்துக் குடுத்த பை.

காவலாளி: சார் தினமும் வெச்சுட்டுத்தான் போவாருங்க. நடக்கும்போது அது அடிச்சா காது கலைஞ்சு போகுதுன்னு... அதாவது, மனசு. மனசு கலைஞ்சு போகுதுன்னு.

கொழுந்தன்: உடம்புக்காக நடக்கறாரு போல அண்ணி. சர்க்கரைக்கு டாக்டர் சொல்லியிருப்பாரு...

அண்ணி: உங்க அண்ணனுக்குச் சர்க்கரை கிடையாது. நீங்க சொல்லுங்க. எங்க நடக்கறாரு?

காவலாளி: பின்பக்கத் தெருவுலங்க. முனை வரைக்கும் போவாரு, திரும்புவாரு. நாலஞ்சு தடவை. ஒரு வண்டி வராது, பாக்கறதுக்கு ஒரு ஆள் இருக்காது... அதுக்குத்தான் இந்த நேரம். இன்னிக்கு மட்டும் வேண்டாம் சார்னு சொல்லலாம்னு இருந்தேன். மாடியில லைட் அணைக்கப் போயிட்டு வர்றதுக்குள்ள, எல்லாத்தையும் மேசையில வெச்சுட்டுக் கிளம்பிட்டாரு. பின்னாலயே ஓடலாம்னு எழுந்தா நீங்க வந்துட்டீங்க.

கொழுந்தன்: ஏன்? இன்னிக்கு என்ன?

காவலாளி: காலையில தண்ணிக் குழாய் உடைஞ்சு, தெருவைக் குறுக்கால தோண்டிப் போட்டுட்டாங்க. ஒரு ஆள் ஆழம். தடுப்பு வைக்கறோம்னு போனவங்க வரவே இல்ல. ஒரு கயிறுகூடக் கட்டல.

கொழுந்தன்: ஐயையோ... அண்ணி, வண்டில ஏறுங்க.

காவலாளி: நான் சந்து வழியா ஓடறேங்க. கார் சுத்தித்தான் வரணும். இடது பக்கம், இடது பக்கம்.

அண்ணி: மெதுவாப் போ தம்பி. ஜன்னலை இறக்கு.

கொழுந்தன்: தெருவிளக்குகூட எரியலயே அண்ணி. நமக்காவது இந்த அந்தி வெளிச்சம் போதும். இந்த நேரத்துல அண்ணனுக்கு...

அண்ணி: அண்ணனுக்கு?

கொழுந்தன்: ஒண்ணுமில்ல.

அண்ணி: அதோ மண்ணு குவிச்சிருக்கு பாரு. நிறுத்து. முதல்ல விளக்கை அணை, அவரு கண்ணுல அடிக்கப் போகுது.

கொழுந்தன்: அவரு எங்க?

அண்ணி: குழிக்கு அந்தப் பக்கம். வர்றாரு.

கொழுந்தன்: நேரா இதுக்குத்தான் வர்றாரு. அண்ணா...

அண்ணி: கத்தாத. உன் குரல் கேட்டா என்னவோ ஏதோன்னு வேகமா வருவாரு. ஹாரனை அடி. சின்னதா. கார் வருதுன்னு நினைச்சு நிப்பாரு.

கொழுந்தன்: ஹாரன் சத்தத்துல பதறி முன்னால வந்துட்டாருன்னா?

அண்ணி: எடு கையை. நான் அடிக்கறேன்... நின்னுட்டாரு.

கொழுந்தன்: நாலு அடி. நாலே அடிதான் இருக்கு.

அண்ணி: மூச்சை விடு. பாரு... முன்னால தட்டறாரு. குச்சி உள்ள இறங்குது... காலைப் பின்னால எடுத்துட்டாரு. பாத்தியா? ஓரமாத் தட்டித் தட்டி நடைபாதைக்குப் போறாரு. தானே கண்டுபிடிச்சிட்டாரு.

கொழுந்தன்: காவலாளியும் வந்துட்டாரு. கையப் பிடிச்சுக்கிட்டாரு.

அண்ணி: சரி. இனிமே பயமில்ல.

கொழுந்தன்: அண்ணி... அது குச்சி இல்ல. குடை. மடக்கின குடை.

அண்ணி: வெள்ளையா, அடியில மட்டும் சிவப்பா... மழையே இல்லாத மாசத்துல நல்ல குடைதான். எந்தக் கடையில வாங்கின?

கொழுந்தன்: நான் வாங்கினேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

அண்ணி: இப்ப நீதான் சொன்ன.

கொழுந்தன்: ...சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி. பார்வை நாலு பக்கமும் சுருங்கிக்கிட்டே வருதாம். பொழுது சாய்ஞ்சா சுத்தமாத் தெரியல. ரெண்டு வருஷம் தாங்கினா பெரிசுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கூட்டத்துல குச்சியோட நடந்தா எல்லாரும் பரிதாபமாப் பாப்பாங்கன்னுதான், ஆள் இல்லாத இந்தத் தெருவாப் பாத்துப் பிடிச்சாரு. நல்லா நடக்கக் கத்துக்கிட்டு உங்க அண்ணிகிட்ட நானே சொல்றேன்னாரு. என்மேல கோவமா?

அண்ணி: வண்டியைத் திருப்பு. அவரு வர்றதுக்குள்ள நான் வீட்டுல இருக்கணும்.

கொழுந்தன்: என்ன அண்ணி இது... இறங்கிப் போய் ரெண்டு வார்த்தை பேசுங்க. இவ்வளவும் பாத்துட்டு...

அண்ணி: அவரு சொல்றன்னிக்குச் சொல்லட்டும். குழியைக் கண்டுபிடிச்ச சந்தோஷத்தோட வீட்டுக்கு வரட்டும். நான் பாத்தேன்னு தெரிஞ்சா அது கெட்டுப் போகும்.

கொழுந்தன்: சரி... ஒரு நிமிஷம். காவலாளி குழின்னதும் நான்தான் பதறினேன். குழி தோண்டினா என்ன, பாத்து நடக்க மாட்டாரான்னுகூட நீங்க கேக்கல.

அண்ணி: ரோடு தோண்டினதை மத்தியானமே செய்தியில போட்டுட்டான். இல்லாட்டி உன்னைப் பாதி வேலையில கூப்பிட்டு இழுத்துக்கிட்டு வருவேனா? தடுப்பு இருக்கும்னு நம்பித்தான் நேரா இங்க வராம ஆபீஸுல கேட்டேன்.

கொழுந்தன்: அப்ப அண்ணன் இங்கதான் நடக்கறாருன்னு...

அண்ணி: போன மாசம் ஒரு நாள் பஸ்ஸேறி வந்து, அந்த மூலையில நின்னு பாத்தேன். தெருவுல மொத்தமே ரெண்டு பேரு. ஒருத்தி நிக்கறது இன்னொருத்தருக்குத் தெரியல.

கொழுந்தன்: தெரிஞ்சும்... எப்படி அண்ணி இத்தனை நாளா ஒண்ணும் பேசாம இருந்தீங்க?

அண்ணி: முன்னால இருக்கற டம்ளரைக் கை தடவித் தேடுது. கூடப் படுத்து எந்திரிக்கறவளுக்குத் தெரியாம போகுமா? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்பினதும், துண்டால கண்ணைக் கட்டிக்கிட்டு நானும் வீடு பூரா நடக்கறேன். எது எங்க இடிக்குதுன்னு பாத்துப் பாத்து நகர்த்தி வெக்கறேன் தம்பி. அந்தக் கட்டில் மூலைதான் இன்னும் சரியா வரல... என் முழங்காலைப் பாரு, ரெண்டும் கன்னிப் போய்க் கெடக்கு.