தட்டில் வைத்த குப்பி

ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச எனக்கு வராது, ஐயா. நடந்துகொண்டே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவி என்னைக் காலில் சக்கரம் கட்டிய மனிதர் என்பாள். படுத்த பிறகும் எழுந்து போய் அடுப்பைத் திருகிப் பார்த்துவிட்டு வருவேன். "அதான் நானே மூடிட்டேனேங்க" என்பாள். மூடித்தான் இருப்பாள். மூடியதை நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவனைத்தான் மருத்துவமனையில் நோயாளிகளின் பாதுகாப்புக்கு அதிகாரியாகப் போட்டார்கள். ஊசி போடும் முன் இரண்டு சிஸ்டர்கள் குப்பியைக் கையில் வாங்கி, மருந்தின் பெயரை ஆளுக்கொரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தவன் நான். கொஞ்ச காலம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒருவர் படிப்பார், மற்றவர் எங்கோ பார்த்தபடி "சரிக்கா" என்பார். கடைசியில் படிப்பவரும் குப்பியைப் பார்ப்பதில்லை. தட்டில் எந்தக் குழியில் எந்த மருந்து இருக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். கூட்டம் போட்டுச் சொன்னேன், தலையாட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் சோதித்துப் பார்த்தேன். தட்டில் இருந்த குப்பியை எடுத்துவிட்டு வெறும் சத்து மருந்தை வைத்தேன். சிலர் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடிக்காதவர்களைக் கூப்பிட்டுச் சொன்னால், "அதான் ஒண்ணும் ஆகலையே சார்" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒன்றும் ஆகாது என்று தெரிந்தால் யார் பார்ப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

ஜன்னலோரப் படுக்கையில் ஒரு தையல்காரர் இருந்தார். குடலிறக்க அறுவை முடிந்து மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். என் சட்டைக் காலரைப் பார்த்து, "யார் சார் தச்சது, உங்க மேல அவருக்கு ஏதாவது கோபமா?" என்று கேட்டவர். எனக்கு அவரைப் பிடிக்கும், அதையும் எழுதுங்கள். அவர் கையில் செருகியிருந்த குழாயைக் கழுவ உப்புநீர் ஏற்றுவது வழக்கம். அந்த உப்புநீர்க் குப்பியின் இடத்தில், பூட்டிய அலமாரியிலிருந்து ஒரு மருந்தை எடுத்து வைத்தேன். கலக்காமல் நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பாதுகாப்பு கருதி அந்தச் சாவி என்னிடம்தான் இருந்தது.

இரண்டு சிஸ்டர்கள் தட்டோடு உள்ளே வந்தார்கள், நான் கதவருகே போய் நின்றேன். அவர்கள் கவனிக்காவிட்டால் நானே தடுத்துவிடுவதாகத்தான் எண்ணம். பெரிய சிஸ்டர் குப்பியைத் திறந்து ஊசியில் இழுத்தார். "உப்புநீர்" என்றார். சின்ன சிஸ்டர் போர்வையை மடித்துக்கொண்டே, "சரிக்கா" என்றார். தையல்காரர் கையை நீட்டினார்.

"மெதுவாம்மா. துணி இல்ல, கை."

என் நாக்கு நுனி வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள், ஐயா. பார்க்க இன்னும் நேரம் இருந்தது. குழாயில் செலுத்தும் முன் பார்க்கலாம். பாதி ஏறும்போதுகூடக் கீழே வைத்த குப்பியை ஒரு முறை திரும்பிப் பார்க்கலாம். நான் குறுக்கே பேசியிருந்தால், அவர்கள் பார்த்திருப்பார்களா மாட்டார்களா என்பது கடைசிவரை தெரியாமலே போயிருக்கும். தெரியாமல் இருப்பதை என்னால் தாங்க முடியாது.

அவர்கள் பார்க்கவில்லை. நான் வெளியே வந்தபோது, டீ வாங்கப் போயிருந்த தையல்காரரின் மனைவி எதிரே வந்தார். "நாளைக்குக் காலையிலயே விட்டுருவாங்களா சார்?" என்று கேட்டார். நான் நிற்காமல் நடந்தேன்.

"நான்தான் பார்க்காம போட்டுட்டேன்" என்று பெரிய சிஸ்டர் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். இப்போது உங்கள் காவலில் இருக்கிறார். மருந்துக் கிடங்கில் குப்பி மாறியிருக்கும் என்று விசாரணைக் குழு முடிவு செய்திருக்கிறது. அது தவறான முடிவு. காரணத்தைச் சரியாகக் கண்டுபிடிக்காவிட்டால் அதே தவறு மறுபடி நடக்கும், என் தொழிலில் இது பால பாடம். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். குப்பியை மாற்றியவன் நான். மருந்து ஏறி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றவனும் நான். எதையும் மறைக்கவில்லை.

ஆனால் கொலை என்று எழுதும் முன் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் பணியில் இருந்தோம். குப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவன் நான் ஒருவன்தான்.