சாதாக் கார்டே போதும் என்று சொல்லச் சொன்னவர்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவரும் அவர் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பேங்குல குடுத்த இந்த கோல்டு கார்டக் காட்டுனா, ஏர்போர்ட்டுல தனி ரூம்புல உக்கார வச்சு சும்மாவே சாப்பாடு போடுவான், ஜமீலா.”

“சும்மாவா? அந்தக் கார்டுக்குத்தான் வருசா வருசம் பணம் கேக்குறானே!”

“கட்டிடுறேன். எட்டு வருசமா நான் மட்டும் அங்க உக்காந்து தின்னுட்டேன். இந்தத் தடவ ஒன்னையும் கூட்டிட்டுப் போறேன்ல, உக்கார வச்சுப் பாக்கணும்.”

“சேலக் கடையில வெல படியலன்னா என்னப் பெத்த அத்தா என்ன செய்வாங்க? சேலய வச்சுட்டு எந்திரிச்சு நடப்பாங்க. கடக்காரன் தானா கூப்புடுவான். பேங்குக்குப் போனப் போட்டு, பணம் கட்டாத சாதாக் கார்டே போதும்னு சொல்லுங்க மச்சான்.”

“சரின்னு மாத்திட்டான்னா?”

“மாத்தட்டும். வூட்டுலேருந்து சோறு கட்டிட்டு வரேன்.”

அவர் செல்போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறகு வெகுநேரம் காத்திருந்தார். கடைசியில் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“இந்த வருசம் பணமே வேணாமாம்! கார்ட அப்புடியே வச்சுக்கச் சொல்றான்!”

அவ்வளவு பெரிய பேங்கு! நான் வாயைப் பிளந்துவிட்டேன். அந்த அம்மா அசையவில்லை.

“ஒடனே சரின்னு சொல்லிடாதீங்க. எம்பேர்லயும் சும்மா ஒண்ணு குடுப்பானான்னு கேளுங்க.”