அனுபவசாலிகளுக்கு மட்டும்

கோபி: இணையத்தின்ரை வரலாற்றை இனி ரெண்டாப் பிரிக்கோணும், உதயா. இண்டைக்கு நான் பேசுறதுக்கு முந்தி... பேசினதுக்குப் பிந்தி.

உதயா: பிரியுங்கோ. அதுக்கு முதல் சேட்டுப் பொத்தானைக் கழட்டித் திருப்பிப் போடுங்கோ. ஒரு பக்கம் காது மாதிரித் தூக்கிக்கொண்டு நிக்குது.

கோபி: நெல்லியடிச் சந்தியிலை என்ரை படம் போட்டுப் பதாகை கட்டியிருக்கினம். பாத்தனீரே?

உதயா: பாத்தனான். ‘மென்பொருள் மாமேதை கோபிசங்கர்’. அதுக்குக் கீழை ஆரோ கோழிக்குஞ்சு விக்கிற விளம்பரத்தைக் கட்டியிருக்கினம். தூரத்திலை பாத்தால் குஞ்சுகளையும் நீங்கள்தான் விக்கிறியள்போலை.

கோபி: உமக்குப் பகிடி. ஒரு இலவச மென்பொருள் வந்திருக்கு. இணையத்தளம் கட்டுறது. முன்பக்கத்திலேயே எழுதிக் கிடக்கு, அனுபவசாலிகளுக்கு மட்டும் எண்டு. அது நல்லதோ கூடாதோ எண்டு வாசிகசாலைக் கூட்டத்திலை தீர்ப்புச் சொல்ல இந்தப் பகுதியிலை ஆரைக் கூப்பிட்டவை?

உதயா: உங்களை. எதிர்மேசையிலை இருந்து அதே வேலையைச் செய்யிற பெண்சாதியை ஒருத்தரும் கூப்பிடேல்லை.

கோபி: கோவிக்காதையும். உம்மடை முடிவையும் சேத்துத்தான் சொல்லப்போறன். ரெண்டு பேருக்கும் ஒரே முடிவுதானே. கூடாது.

உதயா: ஓம். கூடாது.

கோபி: அதுசரி... நீர் ஏன் கூடாதெண்டு சொல்லுறீர்?

உதயா: நீங்கள் முதல் சொல்லுங்கோ.

கோபி: வெட்டி ஒட்ட விடுதில்லை! ஒவ்வொரு எழுத்தையும் கையாலை அடிக்கோணுமாம்.

உதயா: அநியாயம்.

கோபி: அனுபவம் எண்டால் என்ன? எதை எங்கையிருந்து எடுத்து ஒட்டலாமெண்டு தெரிஞ்சிருக்கிறதுதானே!

உதயா: உதை மேடையிலை சொல்லிப்போடாதேங்கோ... அப்ப, திரையிலை போட்டுச் செய்து காட்டமாட்டியளே?

கோபி: கூடாத சாமானை ஏன் செய்து காட்டுவான்? கேட்டினமெண்டால் உம்மடை கணினியிலை...

உதயா: என்ரையைத் தொடாதேங்கோ!

கோபி: ஏனப்பா?

உதயா: அது... சூடேறுது. இஞ்சை, படலையிலை சத்தம். வாசிகசாலைத் தலைவர் வந்திட்டார்.

செல்வநாயகம்: தம்பி கோபி, வெளிக்கிட்டாச்சே? சனம் வந்திட்டுது. கதிரை காணாமல் கோயிலிலை போய் எடுத்தனாங்கள்.

உதயா: வாங்கோ ஐயா. தேத்தண்ணி போடட்டே?

செல்வநாயகம்: வேண்டாம் பிள்ளை, நேரம் போட்டுது. தம்பி, என்ரை காதுக்குள்ளை மட்டும் சொல்லும். நல்லதோ கூடாதோ? எங்கடை வாசிகசாலைக்கு ஒரு தளம் இல்லாமல் கிடக்கு. நீர் நல்லதெண்டால் இண்டைக்கே தொடங்குவம். கூடாதெண்டால் விட்டிடுவம். உம்மடை சொல்லுத்தான்.

கோபி: அது ஐயா... உயர்மட்டத்திலை நிண்டு பாத்தால்...

செல்வநாயகம்: உயர்மட்டம் கிடக்கட்டும். எங்கடை மட்டத்துக்கு இறங்கிச் சொல்லும்.

கோபி: ...கூடாது ஐயா.

செல்வநாயகம்: அப்பிடியே... சரி. பிள்ளையள்தான் பாவம், ஆசைஆசையாப் படமெல்லாம் எடுத்து உமக்கு அனுப்பினதுகள்... சரி, விடுவம்.

உதயா: இஞ்சேருங்கோ... காட்டுங்கோவன்.

கோபி: எதை?

உதயா: பின்விறாந்தையிலை ஒளிச்சிருந்து கட்டினதை.

கோபி: உமக்கு... எப்பிடித் தெரியும்?

உதயா: தனிய இருந்து சிரிச்சனீங்கள். வேலை செய்யேக்கை நீங்கள் சிரிச்சு நான் கண்டதில்லை.

செல்வநாயகம்: என்ன தம்பி கட்டினனீர்?

கோபி: சும்மா... ஒரு பரிசோதனைக்கு. இஞ்சை பாருங்கோ.

செல்வநாயகம்: அட, எங்கடை வாசிகசாலை! முன் வேம்பு... பேப்பர் மேசை... மேசையிலை தலை வைச்சு நித்திரை கொள்ளுறது கந்தப்பர் எல்லே?

கோபி: தொட்டால் பெரிசா வரும் ஐயா.

செல்வநாயகம்: கந்தப்பரோ?

கோபி: படம் ஐயா.

செல்வநாயகம்: இதைவிட வேறை என்ன வேணும்! இதையோ கூடாதெண்டனீர்?

கோபி: நல்லதுதான் ஐயா. உண்மையா நல்லது. இவ்வளவு காலத்திலை முழுக்க என்ரை கையாலை எழுதின முதல் தளம். எழுதி முடிய... ஒரு மாதிரிச் சந்தோசமாக் கிடந்தது.

உதயா: எனக்கும் வடிவாத்தான் தெரியுது.

செல்வநாயகம்: அப்ப எழும்பும்! உதைத் திரையிலை போட்டு, சபைக்கு முன்னாலை நல்லதெண்டு சொல்லிவிடும்.

கோபி: நல்லதெண்டு சொல்லுறன் ஐயா. திரையிலை போடுறதுதான்...

செல்வநாயகம்: போட்டால் என்ன?

கோபி: அந்த மென்பொருளுக்குள்ளை போகேக்கை கேள்வி கேட்டுது. ஆள் அனுபவசாலியோ எண்டு பாக்க.

செல்வநாயகம்: உம்மையே கேட்டுதோ! சரி, மறுமொழி சொன்னனீர்தானே?

கோபி: சொன்னனான்.

செல்வநாயகம்: பேந்தென்ன?

கோபி: பிழைவிட்டவையை ஒரு வகுப்புக்கு அனுப்புது ஐயா... பக்கத்தின்ரை அடிக்குப் போங்கோ. இன்னும் கீழை.

செல்வநாயகம்: ‘ஆக்கம்: கோபிசங்கர். தொடக்கநிலை மாணவர். முதலாம் பாடம்.’ ...தம்பி?

கோபி: அந்த வரியை அழிக்கிறது எப்பிடியெண்டு ரெண்டாம் பாடத்திலை சொல்லித்தருவினம்.

உதயா: ரெண்டாம் பாடத்திலை அது இல்லை. நான் அதிலை ரெண்டுதரம் பெயில்.